முறுக்கைத் தாங்கும் பெட்டி

கொக்குவில் சந்தியில் இரண்டு வாகனங்களை அருகருகே நிறுத்திப் பார்ப்போம். ஒன்று, விடுமுறைக்கு நுவரெலியாவுக்கும் திருவிழாவுக்குக் கதிர்காமத்துக்கும் ஆட்களை ஏற்றிப்போகும் ரொயோட்டா கேடிஎச் வான். மூன்று லீற்றர் டீசல் எஞ்சின், ஏறத்தாழ 140 குதிரைவலு. மற்றது ஹொண்டா எஸ்2000. இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரை திறக்கிற வேகக் கார். இரண்டு லீற்றர் பெற்றோல் எஞ்சினிலிருந்து 240 குதிரைவலு எடுக்கிறது. இவற்றில் எதற்குப் பலமான கியர்பொக்ஸ் வேண்டும்?

கேட்டவுடன் பலரும் ஹொண்டாவைத்தான் சொல்வார்கள். வலு கூடியது அதுதானே. ஆனால் விடை வான். அந்த டீசல் எஞ்சின் தன் தண்டை 300 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையுடன் திருப்புகிறது. ஹொண்டாவின் எஞ்சின் தருவது 208 மட்டுமே. கியர்பொக்ஸுக்குள் இருக்கும் பற்களும் தண்டுகளும் கிளச் தட்டுகளும் உணர்வது இந்த முறுக்கைத்தான்.

முறுக்குவிசையைக் கையாலேயே அறியலாம். ரயர் நட்டைக் கழற்றும்போது ஸ்பனர் நீளமாக இருந்தால் குறைந்த பலம் போதும்; குட்டையாக இருந்தால் ஏறி நின்று மிதிக்க வேண்டியிருக்கும். நட்டுக்கு வேண்டிய திருகல் இரண்டு வேளையும் ஒன்றுதான். ஒரு மீற்றர் நீளக் கம்பியின் நுனியில் ஏறத்தாழ 100 கிராம் எடையைத் தொங்கவிட்டால், மறுமுனையில் கிடைக்கும் திருகல் ஒரு நியூட்டன் மீற்றர். அந்தக் கணக்கில் கேடிஎச் வானின் எஞ்சின், ஒரு மீற்றர்க் கம்பியின் நுனியில் 30 கிலோ தொங்குவதுபோல ஓயாமல் திருகிக்கொண்டிருக்கிறது.

குதிரைவலு இந்தத் திருகலோடு சுழலும் வேகத்தையும் சேர்த்துச் சொல்கிறது. ஹொண்டாவின் எஞ்சின் நிமிடத்துக்கு 8,300 சுற்றுச் சுற்றித்தான் 240 குதிரைவலுவை எட்டுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மெதுவாகத் தள்ளுகிறது, ஆனால் மிகப் பலமுறை தள்ளுகிறது. வான் குறைந்த சுற்றில் கடுமையாகத் தள்ளுகிறது. ஒரு பற்சில்லின் பல் முறிவதும் கிளச் தட்டு வழுக்குவதும் தள்ளல் எவ்வளவு கடுமையானது என்பதைப் பொறுத்தவை. ஆகவே கியர்பொக்ஸ் தெரிவுசெய்யும் பொறியியலாளர் முதலில் கேட்கும் எண் முறுக்குவிசை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது குதிரைவலு. இந்த இரண்டையும் ஒன்றென எண்ணி மாற்று எஞ்சின் போட்டவர்களின் கியர்பொக்ஸ் சில மாதங்களிலேயே கழன்று வருவதற்கு இதுதான் காரணம்.

சுழன்றுகொண்டிருக்கும் தண்டு ஒன்றின் முறுக்கு இவ்வளவு என்று எப்படி அறிந்தார்கள்? 1821இல் கஸ்பார் த பிரோனி என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் எளிய வழி ஒன்றைக் கண்டார். சுழலும் தண்டை இரண்டு மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கட்டைகளும் தண்டோடு சேர்ந்து சுற்றப் பார்க்கும். அவற்றிலிருந்து ஒரு நீளமான கையை நீட்டி, அதன் நுனியில் எடை தொங்கவிட்டு அந்தச் சுற்றலைத் தடுக்க வேண்டும். கை அசையாமல் கிடையாக நிற்கும் கணத்தில், தொங்கும் எடையும் கையின் நீளமும் சேர்ந்து முறுக்கைச் சொல்லிவிடும். இன்றைய ஆய்வுகூடங்களில் மரக்கட்டைக்குப் பதிலாக நீரும் மின்காந்தமும் தடுக்கின்றன. ஆனால் கடைசியில் அளக்கப்படுவது இன்றும் ஒரு கையின் நுனியில் விழும் விசைதான். 200 ஆண்டுகளாக மாறாத இந்த அளவீட்டின் நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனி கியர்பொக்ஸுக்கு வருவோம். எஞ்சினுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அதனால் நின்ற நிலையில் இருந்து தள்ள முடியாது. நிமிடத்துக்கு அறுநூறு, எழுநூறு சுற்றாவது சுற்றிக்கொண்டிருந்தால்தான் அதற்கு உயிர். சில்லோ நிற்கிறது. சுற்றும் ஒன்றையும் நிற்கும் ஒன்றையும் இணைக்க வேண்டுமென்றால் நடுவில் ஏதோ ஒன்று வழுக்கியே ஆகவேண்டும். ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களை எரிபொருள் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டிய நம் மூத்த சாரதிகள் அந்த வழுக்கலை இடது காலால் ஆண்டார்கள். கிளச்சை எவ்வளவு மெல்ல விட்டால் கார் குலுங்காமல் கிளம்பும், எவ்வளவு நேரம் வழுக்கவிட்டால் தட்டு கருகும் என்பது அவர்கள் காலுக்குத் தெரியும். ‘ஓட்டோ கியர்’ என்று நாம் சொல்வது, அந்தக் காலின் வேலையை வேறொன்றிடம் ஒப்படைப்பதுதான். யாரிடம் ஒப்படைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காலையில் காங்கேசன்துறை வீதியில் கொஞ்சநேரம் நின்றால் நான்கு வெவ்வேறு விடைகள் கடந்துபோவதைக் காணலாம். எல்லாவற்றையும் நாம் ஓட்டோ என்றே சொல்கிறோம். உள்ளே இருப்பவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை.

அக்ஸியோ, அலியன், யப்பானிலிருந்து வந்த வாகன் ஆர் ஆகியவற்றில் பலவற்றில் இருப்பது தொடர்மாறு கியர். கராச்சில் சிவிரி என்பார்கள். இரண்டு கப்பிகள், அவற்றுக்கிடையே ஓர் உருக்குப் பட்டி. ஒவ்வொரு கப்பியும் இரண்டு கூம்புகளாகப் பிரிந்தது. கூம்புகள் நெருங்கினால் பட்டி மேலேறும், விலகினால் கீழிறங்கும். எஞ்சினின் வேகத்துக்கும் சில்லின் வேகத்துக்கும் உள்ள விகிதம் படியில்லாமல் மாறிக்கொண்டே போகும். நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958இல் இதை இறப்பர்ப் பட்டியோடு காரில் கொண்டுவந்தது. பின்னர் உருக்குப் பட்டி வந்தது. சிக்கனமான, மென்மையான வழி. ஆனால் இங்கே பல்லுக்குள் பல் கடிப்பது கிடையாது. எல்லா முறுக்கும் பட்டிக்கும் கூம்புக்கும் இடையிலுள்ள உராய்வினால் மட்டுமே கடத்தப்படுகிறது. முறுக்கு கூடக்கூடக் கூம்புகளை இன்னும் கடுமையாக நெருக்க வேண்டும். நெருக்குவதற்கு எண்ணெய்ப் பம்பு கூடுதலாக உழைக்க வேண்டும். அது எஞ்சினிடமிருந்தே வலுவைத் தின்னும். ஒருமுறை வழுக்கினால் உருக்கில் கீறல் விழும். அந்தக் கீறல் அடுத்த வழுக்கலுக்கு வழிசெய்யும். கார்களில் இந்த வகை 400 நியூட்டன் மீற்றர் அளவோடு நின்றுவிட்டதன் காரணம் இது.

இதற்கு எதிராக ஒரு சான்று சொல்வார்கள். 1993இல் வில்லியம்ஸ் குழு தன் ஃபோர்முலா 1 காரில் தொடர்மாறு கியரைப் பொருத்தி டேவிட் குல்தார்டைக் கொண்டு ஓட்டிப் பார்த்தது. அடுத்த ஆண்டுக்கான விதிகள் அதைத் தடைசெய்துவிட்டன. அவ்வளவு வலுவுள்ள பந்தயக் காரைத் தாங்கியது ஏன் தெருக்காரைத் தாங்காது? மேலே பார்த்த எஸ்2000 கதைதான் இங்கும். ஃபோர்முலா எஞ்சின் தன் வலுவை மிகமிக வேகமான சுழற்சியால் பெறுகிறது. வலுவின் அளவுக்கு முறுக்கு அதனிடம் இல்லை.

ரொயோட்டா அக்குவாவும் பிறியஸும் வேறு வழி. அவற்றின் விபரப் பட்டியலிலும் சிவிரி என்றே எழுதியிருக்கும். உள்ளே பட்டியே கிடையாது. ஒரு பற்சில்லுத் தொகுதியின் மூன்று முனைகளில் எஞ்சின் ஒன்றில், இரண்டு மின்மோட்டார்கள் மற்றவற்றில். கிளச் இல்லை, வழுக்கும் தட்டு இல்லை. சந்தைக்குள் ஊர்ந்துபோவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. ஆனால் எஞ்சின் எவ்வளவு முறுக்குகிறதோ அதற்கு ஈடாக ஒரு மோட்டார் எதிர்த்து நின்று பிடிக்க வேண்டும். எஞ்சினின் முறுக்கைப் பத்து மடங்காக்கினால் மோட்டாரையும் அதே அளவுக்குப் பெருப்பிக்க வேண்டும். அக்குவாவின் எஞ்சின் தருவது 111 நியூட்டன் மீற்றர் என்பதால் அங்கே இந்தச் சிக்கல் எழவில்லை.

இந்தியாவிலிருந்து வரும் சில சிறிய சுசுக்கிகளில் சாதாரண கியர்பொக்ஸும் சாதாரண கிளச்சும்தான்; காலுக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஒரு பொறி கிளச்சை மிதிக்கிறது. மலிவு, நல்ல மைலேஜ். வேகக் காருக்கு வேண்டாம் என்பதோடு நகர்வோம்.

நான்காவது, ஹொண்டா வெசல் ஹைபிறிட்டின் முதல் தலைமுறையில் உள்ள இரட்டைக் கிளச். இது வேகக் கார் உலகின் செல்லப்பிள்ளை. ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளச், இரட்டைப்படைக் கியர்களுக்கு இன்னொன்று. மூன்றாம் கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்காம் கியரின் பற்கள் கோத்துத் தயாராக நிற்கும். மாற்ற வேண்டிய கணத்தில் ஒரு கிளச் விட, மற்றது பிடிக்கும். முறுக்கு அறுபடாமல் கைமாறும். 1980களில் போர்ஷ நிறுவனம் தன் 956, 962 பந்தயக் கார்களில் இதைச் சோதித்தது. 2003இல் வொல்க்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 மூலம் இது விற்பனைக் கார்களுக்கு வந்தது.

இந்த வகையில் வொல்க்ஸ்வாகன் செய்த பிரிவினையே ஒரு பாடம். காற்றிலே இயங்கும் உலர்ந்த கிளச் உள்ள ஏழு கியர்ப் பெட்டிக்கு வரம்பு 250 நியூட்டன் மீற்றர். எண்ணெயில் நனைந்த கிளச் உள்ள ஆறு கியர்ப் பெட்டிக்கு 350. நனைந்த கிளச்சோடு இன்னும் பெரிதாகக் கட்டிய ஏழு கியர்ப் பெட்டிக்கு 600. கிளச் உலர்ந்ததா நனைந்ததா என்பதிலிருந்தே வரம்பு மாறத் தொடங்குகிறது. எண்ணெய் வழுவழுப்பானது; உராய்வைக் குறைக்கும். அப்படியிருக்க நனைந்த கிளச் எப்படிக் கூடுதலாகத் தாங்குகிறது? எண்ணெய் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. குறைந்துபோன உராய்வை, தட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுசெய்கிறார்கள்.

வெப்பம்தான் இந்தக் கதையின் நடு. ஒரு காரை நின்ற நிலையிலிருந்து உராய்வுக் கிளச்சினால் கிளப்பும்போது, வழுக்கல் நிற்கும்வரை காருக்கு எவ்வளவு இயக்கச் சக்தி போகிறதோ, ஏறத்தாழ அவ்வளவே கிளச்சில் வெப்பமாகிறது. எவ்வளவு திறமையான சாரதியும் எவ்வளவு திறமையான கணினியும் இதைத் தவிர்க்க முடியாது. 1,900 கிலோ காரை மணிக்கு 40 கிலோமீற்றர் வரை வழுக்கவிட்டுக் கிளப்பினால், ஒரு லீற்றர் தண்ணீரை 28 பாகை செல்சியஸ் சூடாக்கும் வெப்பம் ஒன்றிரண்டு செக்கன்களில் தட்டுகளின் மெல்லிய மேற்பரப்பில் இறங்கும். தண்ணீருக்கு அது பொருட்டல்ல. ஒரு மில்லிமீற்றர்கூடத் தடிப்பில்லாத உராய்வுப் பூச்சுக்கு அது பெரிய அடி. தண்டவாளக் கடவையில் புகையிரதத்துக்காக நின்ற வாகன வரிசை அங்குலம் அங்குலமாக நகரும்போது இதே அடி சிறிது சிறிதாக விழுகிறது. அதனால்தான் இரட்டைக் கிளச் கார் வைத்திருப்பவர்களுக்கு நல்ல மெக்கானிக்குகள் சொல்லும் புத்தி: “ஊர்ந்து ஊர்ந்து போகாதேங்கோ அண்ணை. நிண்டு, இடம் விட்டாப்பிறகு ஒரேயடியா எடுங்கோ.”

வழுக்கல் தவிர்க்க முடியாதது என்றால், தேயவோ கருகவோ முடியாத ஒன்றின்மேல் அதை ஏற்றலாமா? இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் கப்பல் கட்டும் தளத்தில் வேலைசெய்த ஒருவர். அன்றைய ஜெர்மனியின் ஸ்ரெற்றின் நகரிலிருந்த வுல்கான் தளத்தில் ஹெர்மன் ஃபொற்றிங்கர் என்ற பொறியியலாளருக்கு ஒரு சிக்கல் இருந்தது. புதிதாக வந்த நீராவிச் சுழலிகள் மிக வேகமாகச் சுற்றின. கப்பலின் விசிறியோ மெதுவாகச் சுற்றினால்தான் நீரை நன்றாகத் தள்ளும். அவ்வளவு பெரிய வலுவைக் குறைத்துக் கடத்தும் பற்சில்லுகளை அன்று நம்பிக்கையோடு வெட்ட முடியவில்லை. 1905இல் அவர் பற்களே இல்லாத, திரவத்தால் முறுக்கைக் கடத்தும் ஏற்பாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். முறுக்குமாற்றி பிறந்தது அப்படி. பிறகு பற்சில்லுத் தொழில்நுட்பம் வளர்ந்து கப்பல்கள் அதைக் கைவிட்டன. புகையிரதமும் காரும் அதை எடுத்துக்கொண்டன. 1960களின் முடிவில் ஜெர்மனியிலிருந்து இலங்கைக்கு வந்த டபிள்யூ வகுப்புப் புகையிரத எஞ்சின்கள் திரவத்தால் முறுக்கைக் கடத்தியவை.

முறுக்குமாற்றிக்குள் மூன்று விசிறிச் சில்லுகள் எண்ணெயில் அமிழ்ந்து கிடக்கின்றன. எஞ்சினோடு பிணைந்தது இறைப்பி. அது எண்ணெயை வீசியெறிகிறது. எதிரே கியர்பொக்ஸ் தண்டில் இருப்பது சுழலி. வீசப்பட்ட எண்ணெய் அதன் இதழ்களில் மோதி அதைத் திருப்புகிறது. இவை இரண்டு மட்டும் இருந்தால் முறுக்கு அப்படியே கடக்கும், பெருகாது. நடுவில் இருக்கும் மூன்றாவது, அசையாமல் நிற்கும் நிலைச்சில்லு, முறுக்கைப் பெருக்குகிறது. இல்லாத ஒன்றை எப்படிப் பெருக்கலாம் என்று மாணவர்கள் இங்கே திகைப்பதுண்டு.

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும்போது பம்பின் வாயில் ஒரு சோதனை செய்யலாம். பாயும் நீருக்கு முன் உள்ளங்கையைத் தட்டையாகப் பிடியுங்கள். நீர் பக்கவாட்டில் சிதறும். கை ஓரளவு பின்னே தள்ளப்படும். இப்போது ஒரு சிரட்டையின் குழிந்த பக்கத்தை நீருக்குக் காட்டிப் பிடியுங்கள். நீர் குழிக்குள் வளைந்து வந்த திசையிலேயே திரும்பும். தள்ளல் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். பம்பு அதே பம்பு, நீர் அதே நீர். நீரை நிறுத்துவதோடு விடாமல் திருப்பியும் அனுப்பியதால் கூடுதல் விசை வந்தது. சுழலியின் இதழ்கள் சிரட்டைபோலக் குழிந்தவை. எண்ணெயை எதிர்த்திசையில் திருப்பி அனுப்பும். அந்த எண்ணெய் நேரே இறைப்பிக்குப் போனால் அதன் சுழற்சியைத் தடுக்கும். நிலைச்சில்லு நடுவில் நின்று அதை மறுபடி வளைத்து, இறைப்பி சுழலும் திசையிலேயே உள்ளே விடுகிறது. இப்படி வளைப்பதற்கு அது கியர்பொக்ஸின் கூட்டில் கால் ஊன்றி நிற்கிறது. கூடுதல் முறுக்கு அந்த ஊன்றலிலிருந்து வருகிறது. சக்தி எங்கிருந்தும் புதிதாக வரவில்லை. சுழலி மெதுவாகச் சுற்றுவதால் கணக்கு நேராகிவிடுகிறது.

கார் கிளம்பும் முதல் கணத்தில் இந்தப் பெருக்கம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. சுழலி வேகமெடுக்க எடுக்க அது குறைந்து, இரண்டும் ஒத்த வேகத்துக்கு வரும்போது நிலைச்சில்லும் தன் பிடியை விட்டுச் சேர்ந்து சுற்றத் தொடங்கும். பிறகு ஒரு பூட்டுக் கிளச் இரண்டையும் இறுக்கிவிட, எண்ணெய்க்கு வேலையில்லை. வழுக்கலின் வெப்பம் இங்கும் உண்டு. ஆனால் அது எண்ணெய் முழுவதிலும் பரவுகிறது. எண்ணெய் முன்னால் உள்ள குளிர்விப்பானுக்கு ஓடி ஆறித் திரும்புகிறது. கருகுவதற்குப் பூச்சு எதுவும் அந்த வழியில் இல்லை. பாரம் கூடிய, முறுக்கு கூடிய எதற்கும் இந்த ஒரு குணத்துக்காகவே முறுக்குமாற்றியைத் தெரிவுசெய்யலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

மூடிய கூட்டுக்குள் இது நடப்பதை எப்படி அறிகிறோம்? தடுத்துநிறுத்தும் சோதனை ஒன்று உண்டு. பிறேக்கை முழுதாக மிதித்து, கியரை டியில் போட்டு, அக்சிலரேற்றரை ஒரு சில செக்கன் அழுத்தினால் சுழலி நிற்க, இறைப்பி மட்டும் சுற்றும். எஞ்சின் ஒரு குறித்த சுற்றில் ஏறி நின்றுவிடும். தயாரிப்பாளர் சொன்ன எண்ணைவிட அது கூடுதலாக இருந்தால் உள்ளே கிளச் வழுக்குகிறது; குறைவாக இருந்தால் எஞ்சினுக்கு நோய், அல்லது நிலைச்சில்லு ஊன்றவில்லை. பழக்கமில்லாதவர்கள் செய்யக்கூடாது, அந்தச் சில செக்கன்களில் எஞ்சினின் முழு வலுவும் எண்ணெயைக் கொதிக்கவைக்கிறது. இன்றைய பெட்டிகளில் உள்ளே வரும் தண்டின் வேகத்துக்கு ஓர் உணரி, வெளியே போகும் தண்டின் வேகத்துக்கு ஓர் உணரி. கியரின் விகிதம் தெரியும் என்பதால் இரண்டு வேகங்களும் எப்படிப் பொருந்த வேண்டும் என்பது கணினிக்குத் தெரியும். பொருந்தாத சுற்றுகள் எல்லாம் வழுக்கல்.

முறுக்குமாற்றிக்குப் பின்னால் கோள் பற்சில்லுத் தொகுதிகள் இருக்கின்றன. நடுவில் சூரியன், அதைச் சுற்றி மூன்று நான்கு கோள்கள், வெளியே உட்பல் கொண்ட வளையம். ஒன்றைப் பிடித்து நிறுத்தி இன்னொன்றைச் சுழற்றினால் மூன்றாவது வேறு வேகத்தில் சுற்றும். எதைப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கியர். சாதாரண கியர்பொக்ஸில் முழு முறுக்கும் ஒரு சோடிப் பற்சில்லுகள் தொடும் ஒரே இடத்தின் வழியே போகிறது. தண்டுகளும் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. இங்கே மூன்று அல்லது நான்கு கோள்கள் பாரத்தைப் பகிர்கின்றன, விலக்கும் விசைகள் நடுவில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சிறிய கூட்டில் பெரிய முறுக்கு அடங்குவது இதனால்தான்.

இனி உண்மையான ஒரு தெரிவைப் பார்ப்போம். கனடாவின் பிராம்டன் நகரில் தமிழர் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். கொக்குவிலில் அங்கே உறவு இல்லாத வீடு குறைவு. அந்த நகரத்து ஆலையில்தான் 2023 டிசம்பர் வரை டொட்ஜ் சலஞ்சர் கார்கள் கட்டப்பட்டன. அவற்றில் 2018ஆம் ஆண்டின் டீமன் என்ற வகை, பந்தய எரிபொருளில் 840 குதிரைவலுவும் 1,044 நியூட்டன் மீற்றர் முறுக்கும் தந்தது. அந்த முறுக்கு முதலாம் கியரில் 4.71 மடங்காகிறது, பின் அச்சில் இன்னும் 3.09 மடங்காகிறது. முறுக்குமாற்றியின் பெருக்கத்தைச் சேர்க்காமலே சில்லுகளின் அச்சுக்கு 15,000 நியூட்டன் மீற்றர் வரை வந்துவிடும். ஒரு மீற்றர்க் கம்பியின் நுனியில் ஒன்றரைத் தொன் தொங்குவதற்குச் சமம்.

அதைக் கட்டியவர்களுக்கு இரட்டைக் கிளச் கிடைக்காமலில்லை. ஆனால் அவர்கள் எடுத்தது ஜெர்மனியின் செட்எஃப் நிறுவனத்தின் 8எச்பி90 என்ற முறுக்குமாற்றிப் பெட்டி. இதன் குடும்பத்தில் 45, 70, 90 என்ற எண்கள் முறையே 450, 700, 900 நியூட்டன் மீற்றர் அளவிலான தாங்குதிறனைக் குறிக்கின்றன. டீமனுக்காக முறுக்குமாற்றியை மாற்றியமைத்தார்கள். நான்கு கோள் தொகுதிகளும், அவற்றின் பாகங்களைப் பிடித்து நிறுத்தும் அல்லது இணைக்கும் ஐந்து பிடிகளும் கொண்டது இந்தப் பெட்டி. எந்தக் கியரிலும் மூன்று பிடிகள் மூடி, இரண்டு மட்டுமே திறந்திருக்கும். திறந்த பிடி எண்ணெயை வீணாகக் கடைந்து வலுவைத் தின்னும். திறந்தவை குறைய, இழப்பும் குறைகிறது. கோள் தொகுதிக்கே உரிய இன்னொரு வசதியும் உண்டு. தேவைக்கு மேல் ஒரு பிடியை மூடிவிட்டால் எல்லாம் பூட்டிக்கொண்டு வெளித்தண்டு அசையாது. டீமனில் பந்தயத் தொடக்கத்துக்கு இப்படிப் பெட்டியைக்கொண்டே காரை நிறுத்திவைத்து, எஞ்சினின் சுற்றை ஏற்றி, பின் ஒரே கணத்தில் விடுவிக்கிறார்கள். நின்ற நிலையிலிருந்து கால் மைலை 9.65 செக்கனில் கடந்ததாக நிறுவனம் அறிவித்தது.

இன்னொரு சான்று இதைவிடச் சுவையானது. 2003இல் மெர்சிடிஸ் தன் எஸ்எல்500 காருக்கு ஏழு கியருள்ள புதிய பெட்டியைக் கொடுத்தது. அடுத்த ஆண்டு வந்த, அதைவிட மிகவும் விலை கூடிய எஸ்எல்65 ஏஎம்ஜி காரில் இருந்தது பழைய ஐந்து கியர்ப் பெட்டி. பன்னிரண்டு சிலிண்டர் இரட்டை டர்போ எஞ்சினின் முறுக்கைப் புதிய ஏழு கியரால் தாங்க முடியவில்லை. எஞ்சினால் 1,200 நியூட்டன் மீற்றர் தர முடிந்தும், மின்னணுக் கட்டுப்பாட்டால் 1,000இல் நிறுத்தினார்கள். கியர் குறைந்ததால் அந்தக் காருக்கு இழப்பு ஏதுமில்லை. 2,000 சுற்றிலிருந்து 4,000 வரை முழு முறுக்கும் கிடைக்கும் எஞ்சினுக்கு, அதற்கேற்ற சுற்றைத் தேடி அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை. பல கியர்கள் வேண்டியது எஸ்2000 போன்ற எஞ்சின்களுக்கு. அவற்றின் நல்ல வீச்சு ஒடுக்கமானது. விளம்பரத்தில் கியர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குபவர்களுக்கு நான் எப்போதும் இந்தக் காரைத்தான் காட்டுவேன்.

இரட்டைக் கிளச் தோற்றுவிட்டது என்று கொள்ளக்கூடாது. 2005இல் வந்த புகாட்டி வேரோன் 1,250 நியூட்டன் மீற்றரை ஏழு கியர் இரட்டைக் கிளச் வழியே அனுப்பியது. விலையையும் பருமனையும் பொருட்படுத்தாவிட்டால் கிளச்சைப் பெருப்பிக்கலாம். ஆனால் பிஎம்டபிள்யூவின் பாதை திரும்பியதைக் கவனிக்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் எம்5 காரில் 680 நியூட்டன் மீற்றரும் இரட்டைக் கிளச்சும். 2017இல் வந்த அடுத்த எம்5 காரில் முறுக்கு 750; பெட்டி முறுக்குமாற்றிக்கு மாறியது. கிளம்பும் கணத்துக்கு மட்டும் எண்ணெய், உடனே பூட்டுக் கிளச் என்று ஆனபின், கியர் மாற்றும் விரைவில் இரட்டைக் கிளச்சுக்கு இருந்த முன்னிலை கரைந்துபோனது.

நம் ஊரில் ஒருவர் முறுக்கு மிகுந்த எஞ்சினுள்ள காரையோ பழைய உடலில் பெரிய எஞ்சினையோ எண்ணிக்கொண்டிருந்தால், அவர் பார்க்க வேண்டியவை இவைதான்: எஞ்சினின் உச்ச முறுக்கு எவ்வளவு, எந்தச் சுற்றில் அது வருகிறது, காரின் எடை என்ன, அது பெரும்பாலான நேரம் எங்கே ஓடும். குடாநாடு தட்டையான நிலம். இங்கே பெட்டியைச் சோதிப்பது நெரிசலும் வெயிலும். ஏ9 வீதியில் மாத்தளை தாண்டினால் ஏற்றம் சோதிக்கும். இரண்டிலும் எண்ணெய்க் குளிர்விப்பான் கியர் எண்ணிக்கையைவிட முக்கியம். பெட்டியின் தாங்குதிறன் எஞ்சினின் உச்ச முறுக்கோடு சமமாக இருப்பதும் போதாது. முறுக்கை உயர்த்தும் மென்பொருளை நாளைக்கு ஏற்றப்போகிறவர் அந்த உயர்வையும் இன்றே சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

எண்ணெயைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஓட்டோ கியரின் எண்ணெயை ஆயுள் முழுதும் மாற்றத் தேவையில்லை என்ற பேச்சு இங்கே பரவலாக இருக்கிறது. பல கார் நிறுவனங்களும் அப்படியே எழுதுகின்றன. ஆனால் 8எச்பி பெட்டியைக் கட்டும் செட்எஃப், 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. வழுக்கலைச் சுமப்பது எண்ணெய்தான் என்று அறிந்தவருக்கு இதன் காரணம் விளங்கும். தொடர்மாறு கியருக்கான எண்ணெய் வேறு. பட்டியும் கூம்பும் பிடிப்பதற்கு வேண்டிய உராய்வை அது தர வேண்டும். முறுக்குமாற்றிக்கான எண்ணெயை அதில் ஊற்றினால் பட்டி வழுக்கும். 8எச்பி பெட்டியில் எண்ணெய் மட்டத்தை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெயின் வெப்பநிலை 30க்கும் 50 பாகைக்கும் இடையில் இருக்கும்போது பார்க்க வேண்டும். நம் வெயிலில் ஓடிவந்த கார் அந்த எல்லையைத் தாண்டியே கராச்சுக்குள் நுழையும். எண்ணெய் விரிந்திருப்பதால் மட்டம் போதுமானதுபோலத் தோன்றும். ஆகவே பின்னேரம் கொண்டுபோய் விட்டு, இரவு முழுக்க ஆறவைத்து, காலையில் வேறெதற்கும் முன்னதாக இந்த வேலையைச் செய்யச் சொல்லுங்கள்.